பாயோடு ஒரு குட்டிக்கரணம்

ஒரு மணி நேரம்தான் என்று தொபியாஸ் சொல்லியிருந்தார், மெற்றில்டாவும் சரி என்று தலையாட்டியிருந்தாள், ஆனால் அவள் தலையாட்டுகிற சரிகளில் இது எந்தச் சரி என்று கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம் ஆகியும் அவருக்குப் பிடிபட்டதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் பாய் பூட்டிய சறுக்குப் பலகையைத் தள்ளிக்கொண்டு போகிறபோதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பனைகளுக்குக் கீழே கார் நின்றது. கதவுகள் இரண்டும் திறந்து கிடக்க, மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையில் மணல் படாமல் காலை மடித்து மேலே வைத்துக்கொண்டு அவள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்கு ராமநாதபுரத்தில், கோயில் மண்டபத்தில், அவளுடைய அண்ணன் மகள் டெல்பினுக்கு நிச்சயதார்த்தம். தூத்துக்குடியிலிருந்து போகிற வழியில்தான் இந்தக் கடற்கரை. வழியில் என்றால் நேர் வழியில் இல்லை, மெயின் ரோட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும், ஆனாலும் வழி மாதிரிதானே என்று காலையில் காபி குடிக்கும்போது அவர் வாதாடியிருந்தார். கச்சான் காற்று இந்த வாரத்தோடு ஓய்ந்துவிடும், ஹமீது போனில் சொன்னான், இன்றைக்கு விட்டால் மறுபடி தென்மேற்கிலிருந்து இப்படி அடிக்க அடுத்த வைகாசி ஆகிவிடும் என்றார். அடுத்த வைகாசியில் தனக்கு ஐம்பத்தொன்பது என்பதைச் சொல்லவில்லை. அவள் முந்தானைக்கு ஊக்கு குத்திக்கொண்டே, "ஈரத் தலையோட மண்டபத்துக்கு வந்தீங்கன்னா நான் உங்களத் தெரியாத மாதிரி இருந்துக்கிடுவேன், பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். அது கோபமா விளையாட்டா. விளையாட்டுதான். கோபமாக இருந்தால் ஊக்கு விரலில் குத்தியிருக்கும், இரண்டு தரம் உஸ் என்றிருப்பாள். சின்ன அலை ஒன்று பலகையின் மூக்கைத் தூக்கியது, முதுகில் போன வாரத்துக் காயம் இழுத்தது, அவர் மெற்றில்டாவை விட்டுவிட்டுக் காற்றைப் பார்த்தார்.

காற்று நன்றாக இருந்தது. வலது கன்னத்தில் ஒரே மாதிரி, விட்டு விட்டு அடிக்காமல், யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருப்பதுபோல. பாய் நிமிர்ந்ததும் பலகை தண்ணீரை விட்டு மேலே ஏறி வழுக்க ஆரம்பித்தது, ஆறு வருடமாகியும் அந்த நொடி பழகவே இல்லை, பழகாமல் இருப்பது எவ்வளவு நல்லது. பாயின் இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும் கம்பியை பூம் என்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு, இடுப்புக் கொக்கியை மாட்டி, உடம்பின் கனத்தைக் காற்றிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் சாய்ந்தால் போதும், கடல் காலுக்குக் கீழே தடதடவென்று ஓடும். தூத்துக்குடியில் பிறந்து, துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டி, கடலில் கால் நனைத்தது விரல் விட்டு எண்ணும் தடவைகள்தான் என்றால் யார் நம்புவார்கள். தண்ணீரிலிருந்து நூறடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார், காலுக்கடியிலும் கண்ணாடி, கீழே கப்பல், கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முழம் கறுப்புத் தண்ணீர், அதுதான் அவருடைய கடல். காற்று என்றால் கூண்டுக்கு மேலே வேகம் அளக்கச் சுழல்கிற நாலு சின்னக் கிண்ணம், ஒரு சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்து மணி அடித்தால் வேலை நின்றுவிடும், கீழே இறங்கி டீ குடிக்கப் போகலாம். காற்று வந்தால் வேலை இல்லை என்று முப்பத்தொரு வருடம் இருந்த மனுஷன், காற்று வந்தால்தான் வேலை என்று ஆகிப்போனது எப்போது. ஐம்பத்திரண்டு வயதில். விருப்ப ஓய்வு வாங்கிய அந்த ஜூன் மாதம் மெற்றில்டாவின் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் கார் எடுத்துக்கொண்டு சுற்றி, வழி தவறி, இந்தப் பனைகளுக்குக் கீழே வந்து நின்றபோது. எகிப்தில் ஒரு கடற்கரைக் கிளப்பில் பதினொரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் பன்னிரண்டு பலகையோடு ஊர் திரும்பியிருந்த கீழக்கரைக்காரன் ஹமீது, ஈர மணலில் உட்கார்ந்து பாயைத் தைத்துக்கொண்டிருந்தான். "நீச்சல் தெரியுமாண்ணே?" என்று கேட்டான். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுத் தெரியும் என்று சொல்லிவிட்டார். தண்ணீருக்குள் இறங்கின அஞ்சாவது நிமிடம் அவனுக்கே தெரிந்துபோனது. அவன் சிரிக்கவில்லை. முதல் மாதம் முழுக்க நீச்சல்தான் சொல்லிக் கொடுத்தான்.

இப்போது லூப். அதை நினைத்ததுமே வாய் உலர்ந்தது, இவ்வளவு தண்ணீருக்கு நடுவில். பாய்ச்சலில் போகிற பலகையை ஒரு குட்டி அலையின் மேல் ஏற்றி, எழும்பின கணத்தில் பாயைச் சட்டென்று உள்ளே இழுத்தால், பலகை, பாய், ஆள் மூன்றும் சேர்ந்து காற்றில் ஒரு குட்டிக்கரணம் அடித்து மறுபடி தண்ணீருக்கு வரும். ஒரு நொடிதான், ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். கொக்கியைக் கழற்ற வேண்டும், இடது கையைப் பூமில் முடிந்தவரை பின்னால் நகர்த்த வேண்டும், காற்றோடு கொஞ்சம் திரும்ப வேண்டும், குதிக்க வேண்டும், இடது தோளுக்கு மேலே கரையைத் திரும்பிப் பார்க்க வேண்டும், இழுக்க வேண்டும், உடம்பைச் சுருட்டிக்கொள்ள வேண்டும். எல்லாம் மனப்பாடம். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்க் குவளையைப் பிடிக்கிற பிடியில்கூட இடது கை தானாகப் பின்னால் நகரும், மெற்றில்டா கண்ணை உயர்த்தாமலே, "குவளை பறந்துடாது" என்பாள். இரண்டு வருடமாக முயற்சி பண்ணுகிறார். "எல்லாம் சரியாப் பண்றீங்கண்ணே. மேல போனதும் பின் கையை விட்டுடுறீங்க. அது ஒண்ணுதான். விட்டா பாய் திறந்துக்கும், சுத்து பாதியில நிண்டுரும், முதுகுதான் வாங்கும். விடாம இருந்தா ஒண்ணுமே ஆவாது, தண்ணி பஞ்சு மாதிரி வாங்கிக்கும்" என்று ஹமீது நூறு தடவை சொல்லியிருப்பான். விடாமல் பிடித்திருந்தால் அடி இல்லை, பயந்து விட்டால்தான் அடி. இது புத்திக்குத் தெரிகிறது. புத்தியையா தண்ணீர் அறைகிறது. அதோ, அந்த அலை, சாய்வு சரியாக இருக்கிறது, கொக்கி, கை, திரும்பு, கால் உதைத்தது, கடலின் சத்தம் சட்டென்று அறுந்தது, மேலே, இப்போது இழு, இழு, இழு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடது கை விரித்துக்கொண்டது, அவரைக் கேட்கவே இல்லை, மின்சாரம் பட்டதுபோலத் தன்பாட்டுக்கு விரித்துக்கொண்டது, வானம் பக்கவாட்டில் நின்றது, முதுகில் தகரத்தால் அடித்ததுபோல ஒரு அறை. பழைய காயத்தின் மேலேயே. மூச்சு எங்கோ போய்விட்டது. வரும், வரும், பதறாதே, வந்துவிடும். வந்தது.

பாயின் மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு மிதந்தார். மிதக்கும்போது கடல் வேறு. ஓடும்போது கரடுமுரடாகத் தட்டுகிற அதே அலை, இப்போது தூக்கித் தூக்கி வைத்தது. போன வியாழக்கிழமை இதே மாதிரி விழுந்ததில் இடுப்பிலிருந்து விலா வரை நாவல்பழ நிறத்தில் கன்றிப்போனது. வீட்டுக்குப் போய் மொட்டைமாடிப் படியில் சறுக்கிவிட்டது என்று சொன்னார். மெற்றில்டா எத்தனையாவது படி என்றுகூடக் கேட்கவில்லை. கவிழ்ந்து படுக்கச் சொல்லித் தைலம் தேய்த்துவிட்டாள், அவளுடைய பெருவிரல் விலா எலும்புகளை ஒவ்வொன்றாகக் கடந்து போனபோது அவருக்குத் தலையணைக்குள் முகம் சுட்டது. இந்த வயதில் பொய். என்ன பெரிய பொய், ஒரு படிக்கட்டு. ஆனால் பொய் என்றதும் நினைப்பு எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும், போகாதே என்றால் நிற்குமா, போயே விட்டது, சுடலைமுத்துவிடம். அன்றைக்கும் காற்று. சிவப்பு விளக்கு எரிவதற்கு முந்தின நிமிடம், எங்கிருந்தோ ஒரே ஒரு வீச்சு வந்தது. கிரேனில் தொங்கிய பெட்டி, வீட்டுச் சைஸ் இரும்புப் பெட்டி, கப்பல் தளத்துக்கு மேலே நெஞ்சுயரத்தில் ஆட ஆரம்பித்தது. கீழே சுடலைமுத்து, பெட்டிகளுக்குக் கம்பி கட்டுகிறவன், முதுகைக் காட்டிக்கொண்டு. ஆடுகிற பெட்டியை நிறுத்த ஒரு வழிதான் உண்டு. அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கிரேனையும் ஓட்டி, மேலே போய்ப் பிடித்து, ஆட்டத்தை விழுங்க வேண்டும். ஆயிரம் தடவை செய்தது. அன்றைக்குக் கை செய்யவில்லை. லீவரிலிருந்து கையை எடுத்தால் கிரேன் தானாக நின்றுவிடும், பயிற்சியின் முதல் நாள் சொன்னது அது, சந்தேகம் வந்தால் கையை எடு, அவர் இரண்டு கையையும் எடுத்துவிட்டார். கிரேன் நின்றது. பெட்டி நிற்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது பெட்டி அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது, சுடலைமுத்து குந்தி உட்கார்ந்து, கீழே விழுந்த கையுறையை எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கையுறை. குனிந்த தலைக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு சாண் இருந்திருக்கும். கீழே இருந்து பார்த்தவர்களுக்கு, பெட்டி ஆடினதும் தொபியாஸ் கிரேனை அப்படியே நிறுத்திக் காப்பாற்றின மாதிரி இருந்தது. சாயங்காலம் கேண்டீனில் எல்லாரும் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தக் கையை. அவர் மறுக்கவில்லை. மறுக்க வாய் திறந்தபோது யாரோ டீயைக் கொடுத்தார்கள். பதினாறு வருடம் ஆகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுடலைமுத்து கரும்புக் கட்டோடு வாசலில் வந்து நிற்கிறான், அவர் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே போய்விடுகிறார். யாருக்கும் தெரியாது. இந்த லூப் எதற்கு என்று கேட்டால் அவர் ஹமீதிடம் ஜாலிக்கு என்பார், மெற்றில்டாவிடம் உடற்பயிற்சி என்பார். இந்த உயரம், இந்த ஒரு நொடி, பயப்பட வேண்டிய இடம் வருகிறபோது இந்தக் கை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளத்தான் என்று யாரிடம் சொல்ல முடியும். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை விடாமல் இருந்துவிட்டால் போதும். போதுமா. யாருக்குப் போதும். அலை தூக்கியது, இறக்கியது. தூரத்தில் ஒரு நாட்டுப்படகு போனது, அதில் நின்றவர் இவரைப் பார்த்துக் கையை ஆட்டினார், உயிரோடு இருக்கிறீரா என்று கேட்கிற மாதிரி. தொபியாஸும் கையை ஆட்டினார்.

இன்னொன்று போனார், அதுவும் விட்டது. இன்னொன்று, குதிக்கவே இல்லை, அலை வந்தும் கால் உதைக்க மறுத்துவிட்டது, அது இன்னும் கேவலம். கையைப் பூமோடு துணியால் கட்டிவிட்டால் என்ன என்று நினைத்தார், ஹமீது கேட்டால் பலகையைப் பிடுங்கி வைத்துக்கொள்வான். ஆடுகிற பெட்டியின் பின்னாலேயே போவதுபோல, போகிற பாயின் பின்னாலேயே கையையும் போக விட வேண்டும், அவ்வளவுதானே, என்று தோன்றியபோது ஏதோ பெரிய சாவி கிடைத்துவிட்டதுபோல உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சாவியோடு போய்க் குதித்தார், சாவியோடு முதுகில் விழுந்தார். சிரிப்பு வந்தது. உண்மையிலேயே சிரிப்பு, உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு. வலியும் ஒரு அளவுக்கு மேல் போனால் நம்முடையது இல்லை என்று ஆகிவிடுகிறது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது, தண்ணீரின் நிறம் பச்சையிலிருந்து தேன் பக்கம் போய்க்கொண்டிருந்தது, மணி மூன்றே முக்கால் இருக்கும். போதும், போய்விடலாம், நன்றாகத்தான் இருந்தது, இந்தக் காற்று, இந்த வெளிச்சம், கிடைத்தவரை நன்றாகத்தான் இருந்தது. கரைக்குப் போக முதலில் ஒரு ஓட்டம் வெளியே போய்த் திரும்ப வேண்டும். போனார். சட்டை. வெள்ளைச் சட்டை. இஸ்திரி போட்டு வந்த சட்டையைக் காரின் பின்சீட்டில் மாட்டினோமா. மாட்டின மாதிரி இருந்தது. இல்லை, அது போன மாதம் ஞானஸ்நானத்துக்குப் போனபோது மாட்டினது. இன்றைக்கு இஸ்திரிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார், வாங்கி, படுக்கையறைக் கதவில் மாட்டி, அப்போது போன் வந்தது, ஹமீது, காற்று எழும்பிடுச்சுண்ணே என்றான், அப்புறம் சட்டை என்ன ஆச்சு. கதவிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, காலர் தெரிகிறது, கதவில், தூத்துக்குடியில். ஐயோ. மண்டபத்துக்கு இந்தக் கட்டம் போட்ட சட்டையோடு போய் நின்றால் மச்சான் ஒன்றும் சொல்ல மாட்டார், மச்சான் பெண்டாட்டி சொல்வாள், அவளும் வாயால் சொல்ல மாட்டாள், மேலும் கீழும் ஒரு பார்வை, மெற்றில்டா அந்தப் பார்வையை வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு மாதம் வைத்திருப்பாள், ராமநாதபுரத்தில் ரெடிமேட் கடை ஒன்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், நாற்பத்திரண்டு சைஸ், என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தபோது கொக்கி கழன்றிருந்தது, இடது கை பின்னால் போயிருந்தது, பலகைக்குக் கீழே ஒரு அலை நிமிர்ந்தது, கால் உதைத்துவிட்டது. சத்தம் அறுந்தது. இடது தோளுக்கு மேலே அவர் கரையைப் பார்த்தார். கரை சாய்ந்தது. கை இழுத்துக்கொண்டே இருந்தது. சாய்ந்த கரை இன்னும் சாய்ந்து, பனைகள் தலைகீழாகத் தொங்கின, பனைகளுக்கு மேலே கார், காருக்குள் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பொட்டு, அதற்கு மேலே மணல், மணலுக்கு மேலே கடல், கடலுக்குள் கால், எல்லாவற்றையும் அவசரமில்லாமல் பார்த்தார், இத்தனை நேரம் எங்கிருந்து வந்தது, கண் திறந்திருக்கிறது என்று தெரிந்தது, கண் திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் தண்ணீர் வந்து பின்னாலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டது. பஞ்சு மாதிரி. அவன் சொன்னது சரிதான்.

தண்ணீருக்கடியில் குமிழிகள் காதோரம் மேலே போயின. தலை வெளியே வந்தபோது இரண்டு கையும் பூமில் இருந்தன. இடது கையைப் பார்த்தார். விரல்கள் வெளுத்துப்போய், இன்னும் இறுக்கிக்கொண்டு. விடு, போதும், முடிந்துவிட்டது என்று அதனிடம் சொல்ல வேண்டியிருந்தது. கத்தலாம் என்று தோன்றியது, யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. நாட்டுப்படகு போய்விட்டிருந்தது. கால் இரண்டும் பலகையின் கால்பட்டைக்குள்ளேயே இருந்தன, பாய் சரியான பக்கம் கிடந்தது, கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் காற்றே மேலே ஏற்றிவிடும், ஏற்றிவிட்டது, அவர் கரைக்குத் திரும்பி ஓடினார். சுடலைமுத்துவை நினைத்துப் பார்த்தார், ஏதாவது மாறியிருக்கிறதா என்று. ஒன்றும் மாறவில்லை. அந்தப் பெட்டி அப்படியேதான் ஆடியது, அந்தக் கை அப்படியேதான் விரிந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை போலிருக்கிறது, அல்லது இருந்த சம்பந்தம் மேலே எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. சட்டையை நினைத்ததால்தான் வந்தது என்று தெரிந்தால் ஹமீது என்ன சொல்வான். ஹமீது கொட்டகைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பலகையின் வெடிப்புக்குப் பசை வைத்துக்கொண்டிருந்தான். "ஹமீது, பாத்தியா?" "என்னண்ணே?" "சுத்திருச்சு. முழுசா." அவன் பசைக் கையோடு ஓடிவந்தான். "விடலயா?" "விடல." "அல்லாவே, நான் பாக்கலயேண்ணே! ரெண்டு வருசமா கண்ணு வலிக்கப் பாத்துட்டு, இன்னைக்குப் போயி..." என்று தலையில் கையை வைத்தான், பசை முடியில் ஒட்டிக்கொண்டது, இரண்டு பேரும் சிரித்தார்கள். தொபியாஸ் கொட்டகைக் குழாயில் தலையை அலசித் துவட்டிக்கொண்டு காரிடம் போனார். மெற்றில்டா இறங்கி நின்றுகொண்டிருந்தாள். கையில் வெள்ளைச் சட்டை, ஹேங்கரோடு. "கதவுல தொங்கிச்சு. நீங்க எங்க எடுக்கப் போறீங்கன்னு நானே எடுத்துட்டு வந்தேன்." அவர் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீ பாத்தியா? கடைசியில பண்ணினது?" "பாத்தேன். விழுந்தீங்க." "விழல மெற்றில்டா. அது விழறது இல்ல. அதுதான் அது." "இங்க இருந்து பாக்க அப்படியேதான் இருந்துச்சு. மொட்டைமாடிப் படியில விழுந்த மாதிரி." அவர் துவட்டுவதை நிறுத்தினார். அவள் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். "தைலம் தேய்க்கையில கையில உப்பு நரநரன்னு வந்துச்சு. படியில விழுந்த ஆளுக்கு முதுகுல ஏது உப்பு?" "வேண்டாம்னு சொல்லிருவியோன்னுதான்..." "சொல்லுவேன்தான். சொன்னா கேக்கவா போறீங்க. விழுந்தா விழுந்தேன்னு சொல்லுங்க, எங்க தேய்க்கணும்னு எனக்குத் தெரியணும்ல?" என்று சொல்லி, சட்டையை விரித்துப் பிடித்தாள். அவர் கையை நுழைத்தார், இடது கை உயர மறுத்தது, அவளே பிடித்து நுழைத்துவிட்டாள்.

காரை மெயின் ரோட்டில் ஏற்றினார். உடம்பு கனத்து, சூடாக, நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற மாதிரி ஒரு நிறைவு கால்விரல் வரை இறங்கியிருந்தது. அந்த நிறைவில் வாய் தானாகத் திறந்துகொண்டது. சுடலைமுத்துவின் கதையைச் சொன்னார். கையை எடுத்தது, கண்ணை மூடியது, கையுறை, கேண்டீன், டீ. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் சொன்னார், எதிரே ஆடுகள் வந்ததால் நடுவில் ஒரு தடவை நிறுத்த வேண்டியிருந்தது, ஆடுகள் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மெற்றில்டா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதான் அந்தாளு வரும்போதெல்லாம் குளிக்கப் போறீங்களா" என்றாள் கடைசியில். "ஒரே பொங்கலன்னைக்கு ரெண்டு தடவ குளிச்ச ஆளு நீங்க. நான்கூட அவருகிட்ட ஏதோ பிரச்சினை போலன்னு நெனச்சேன்." அவ்வளவுதானா என்று அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ரோட்டப் பாருங்க" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "வர்ற பொங்கலுக்கு வந்தாருன்னா வெளிய வந்து உக்காருங்க. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா உக்காந்து அவரோட ஒரு காபி குடிங்க. பாவம், கரும்பைச் சுமந்துக்கிட்டு அந்த மனுசன் வாசல்லயே நிக்காரு" என்றாள். சரி என்றார். சொல்லிவிடுவோம் என்று அப்போது தோன்றியது, பொங்கல் வரும்போது தோன்றுமா தெரியாது, தோன்றாவிட்டாலும் காபி குடிக்கலாம்.

மண்டபத்தில் மல்லிகை வாசமும் பிரியாணி வாசமும் கலந்து கிடந்தன. டெல்பின் சந்தன நிறப் பட்டில், கழுத்தை அசைக்கக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தாள். மாமா என்கிற முறையில் தொபியாஸை மேடைக்கு ஏற்றி மாப்பிள்ளை வீட்டாருக்கு எதிரே நிறுத்தி, கையில் பூத்தட்டைக் கொடுத்தார்கள். பக்கத்தில் மெற்றில்டா. தட்டு எவ்வளவு லேசாக இருந்தது. அவர் எதையும் நினைக்கவில்லை, தலைகீழான பனைகள் மட்டும் வந்து வந்து போயின. தோள் வலித்தது, முதுகு வலித்தது, காலையில் எழுந்திருக்க முடியாது என்பது இப்போதே தெரிந்தது, அதைப் பற்றிக்கூடச் சந்தோஷமாக இருந்தது. உபதேசியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்து எல்லாரையும் தலை வணங்கச் சொன்னார். மண்டபம் அமைதியானது. தொபியாஸ் தலையை நன்றாகத் தாழ்த்தினார். மூக்கின் உள்ளே, நெற்றிக்குக் கீழே எங்கேயோ, ஏதோ ஒன்று நகர்ந்தது. அவர் சுதாரிப்பதற்குள் இரண்டு நாசியிலிருந்தும் கடல் தண்ணீர், வெதுவெதுப்பாக, குழாயைத் திறந்துவிட்டதுபோல, வெள்ளைச் சட்டையிலும் பூத்தட்டிலும் தரையிலும் சொட்டுச் சொட்டாக இல்லை, கொட்டியது. தடவைக்குத் தடவை கடலில் விழுந்ததில் உள்ளே போய்த் தங்கியிருந்த தண்ணீர், குனிவதற்காகக் காத்திருந்திருக்கிறது. கையில் தட்டு, துடைக்க முடியாது. மூக்கை உறிஞ்சினார், அது அந்த அமைதியில் பெரிய விம்மலாகக் கேட்டது. கீழே எதிர்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள், அவளுடைய முகம் இளகியது. "பாருங்களேன், மாமாவுக்குத் தாங்கலை" என்று பக்கத்தில் சொன்னாள். மச்சான் பெண்டாட்டி, இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவரை நேராகப் பார்த்துச் சிரிக்காதவள், கண் கலங்கிக் கைக்குட்டையை நீட்டி, "அழாதீங்க அண்ணே, நம்ம பிள்ளை பக்கத்து ஊர்லதான இருக்கப் போறா" என்று சொல்லி, அவரால் வாங்க முடியாததால் தானே மூக்கடியில் ஒற்றியும் விட்டாள். தொபியாஸ் ஓரக்கண்ணால் மெற்றில்டாவைப் பார்த்தார். அது கடல் தண்ணீர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தோள் இரண்டும் குலுங்கக் குலுங்க நின்றுகொண்டிருந்தாள். உபதேசியார் ஜெபத்தை ஒரு கணம் நிறுத்திப் பொறுத்தார். பெரியம்மா மேடை ஏறி வந்து மெற்றில்டாவின் முதுகை மெல்லத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தாள்.